நான்காவது எலுமிச்சம்பழம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை அன்று காலையில், காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் இது நடந்தது. வீட்டுக்கு வெளியே யாரிடமும் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது பிள்ளையார்பாளையத்தில், தறி வீட்டில். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு நெசவாளர் சங்கத்தில் எழுத்தர் வேலைக்குப் போனேன். மனைவிக்கு அவள் ஊரான முசரவாக்கத்தில் கொஞ்சம் நிலம் வந்ததால் அங்கேயே குடிபோனோம். நிலம் இருந்தால் டிராக்டர் வேண்டாமா என்று எல்லோரும் கேட்டார்கள். வாலாஜாபாத் பக்கம் ஒருவரிடம் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினேன். உழுவதற்கு ஊரிலேயே ஒரு டிரைவர் வருவார். கொட்டகையிலிருந்து வண்டியை வெளியே எடுப்பது, திரும்பக் கொண்டுபோய் நிறுத்துவது, எப்போதாவது மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றிப் போவது மட்டும் என் வேலை.

எனக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம். ஒரே மகள். அப்போது பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன் செய்ய வேண்டும். ஸ்கூட்டி கேட்டாள், ரோட்டில் லாரிகள் போகிற வேகத்தைக் காட்டி மறுத்துவிட்டேன். டிராக்டரைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தேன்.

வாங்கிய இரண்டாவது வாரமே டிராக்டர் தகராறு செய்யத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் மீட்டரில் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், ஆனால் செல்ஃப் எடுக்காது. ஒரு 'டிக்' சத்தம்கூட வராது. மறுநாள் டிரைவர் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். "அவருக்குக் கைராசிங்க. உங்க கைக்கு வராது போல" என்று மனைவி சிரிப்பாள். நான் பேட்டரியை மாற்றினேன். டெர்மினல்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து கிரீஸ் தடவினேன். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய் கார்பன் மாற்றி வந்தேன். எதுவும் பலிக்கவில்லை.

மகள் ஒருநாள் என் திண்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, லைட்டு டிம் ஆவாம எரியுதுன்னா பேட்டரி நல்லா இருக்குது. சாவியிலிருந்து செல்ஃபுக்குப் போற ஒயர்ல எங்கயோ கரண்ட் நிக்குது. ஒரு பல்பு குடு, அஞ்சு நிமிஷத்துல பாத்துச் சொல்றேன்."

"நீ கிட்ட வராதே. புஸ்தகத்துல படிச்சது வேற, வண்டி வேற" என்றேன்.

வண்டியை விற்றவருக்கே போன் செய்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அதுக்கு ஏன் சார் பேஜாராவுறீங்க? கீழ நின்னுக்கினு, செல்ஃப்ல இருக்கிற ரெண்டு போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால சேத்து வுடுங்க. கப்புனு எடுக்கும்."

எடுத்தது. பெரிய தீப்பொறி ஒன்று பறந்து, இன்ஜின் உறுமியது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கைப்பிடி உடைந்த ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரை அதற்கென்றே கொட்டகையில் மாட்டி வைத்தேன். தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்த நாடா ஓடும். எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூட அது தெரியும். ஆனால் டிராக்டர் விஷயத்தில் அறுந்த இடத்தைத் தேட எனக்குத் தோன்றவில்லை. சுற்றிக்கொண்டு போக வழி கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வழக்கம்போல ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்ட் செய்து, கழுவுவதற்காக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். எங்கள் வாசல் வேப்பமரத்தை நோக்கிச் சரிவாக இறங்கும். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது. வண்டி உருண்டுவிடக் கூடாதே என்று, இன்ஜினை அணைத்த பிறகு முதல் கியரில் போட்டு வைத்தேன். மறுநாள் காலையில் அது எனக்கு நினைவில் இல்லை.

காலையில் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டாயிற்று. டிரைவர் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பழங்களின் மேல் வண்டியை ஏற்றி நகர்த்த வேண்டும். அந்த நேரத்தில் செல்ஃப் எடுக்காவிட்டால்? பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து நிற்பார்கள். அபசகுனம் என்று மனைவி ஒரு வருடம் புலம்புவாள். எல்லோரும் வருவதற்குள் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்து, ஓடவிட்டே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மகள் அம்மாவோடு சமையலறையில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியை ஒரு சுற்று நடந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் நின்று, குனிந்து, ஸ்க்ரூடிரைவரை வைத்தேன்.

இன்ஜின் எடுத்த அதே நொடியில் வண்டியும் கிளம்பியது. பின் டயரின் பட்டை என் வேட்டியைப் பிடித்து இழுத்தது. நான் பின்பக்கமாக விழுந்தேன். வேட்டி கிழிந்து சக்கரத்தோடு போயிற்று. ஆளில்லாத வண்டி மாலையும் குங்குமமுமாக மெதுவாக வாசலில் இறங்கிப் போனது. அவசரமே இல்லாமல் போனது. மாட்டுத் தொட்டியைத் தள்ளி உடைத்து, வேப்பமரத்தில் முட்டி, இரண்டு முறை குலுங்கி, தானாக அணைந்தது.

வண்டி நின்றிருந்த இடம் இப்போது காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்துக்கு அந்தப் பக்கம் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம். மண்ணில் மூன்று பழங்கள் நசுங்கிக் கிடந்தன.

அவள் சமையலறையில் இல்லை. ராகுகாலம் வருவதற்குள் பழத்தை வைத்துவிடலாம் என்று வந்திருக்கிறாள். மூன்று சக்கரங்களுக்கு வைத்துவிட்டு, நான்காவதாக, எனக்கு எதிர்ப்பக்கத்துப் பின் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். பெரிய டயரும் இன்ஜினும் மறைத்ததால் அவளை நான் பார்க்கவில்லை, என்னை அவளும் பார்க்கவில்லை. என் பக்கத்துச் சக்கரங்களுக்கு ஏற்கெனவே பழம் வைத்திருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

"பழம் நிக்கலப்பா. சரிவுல பக்கவாட்டா உருண்டுக்கினே போச்சு. எடுக்கலாம்னு எழுந்து போனேன்" என்றாள். எத்தனை அடி போயிருப்பாள் என்று பிறகு அளந்து பார்த்தேன். நான்கு அடி.

மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். உள்ளே போய் வேறு வேட்டி எடுத்து வந்து கொடுத்தாள்.

ஒன்பது மணிக்கு டிரைவர் வந்தார். மரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்தார். கியர் ராடு பெரியது ஒன்று, சின்னது ஒன்று. இரண்டையும் நடுவுக்குத் தள்ளினார். சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் ஆயிற்று.

"அண்ணா, ஆஃப் பண்ணுங்க" என்றாள் மகள். உள்ளே ஓடிப்போய், இரண்டு ஒயர் வைத்த ஒரு சின்ன பல்பை எடுத்துவந்தாள். அன்று அவளை நான் தடுக்கவில்லை. செல்ஃபுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றி, அதன் நுனியில் பல்பைப் பிடித்துக்கொண்டு, "இப்ப சின்ன ராடை மட்டும் கியர்ல போட்டுட்டு சாவியைத் திருப்புங்க" என்றாள். பல்பு எரியவில்லை. நடுவுக்குத் தள்ளித் திருப்பச் சொன்னாள். எரிந்தது. இரண்டு மூன்று முறை அப்படியே செய்து காட்டினாள்.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. சின்ன ராடு நடுவில் இல்லாவிட்டால் சாவிக்குச் செல்ஃப் எடுக்கக் கூடாது என்று ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். யாரும் கியரில் ஸ்டார்ட் செய்து சாகக் கூடாது என்பதற்காக. வண்டியை நிறுத்தும்போது நான் பெரிய ராடை மட்டும் நடுவுக்குக் கொண்டுவருவேன், சின்னதைத் தொடவே மாட்டேன். டிரைவர் உட்கார்ந்ததும் இரண்டையும் தள்ளுவது அவர் கைப்பழக்கம். எங்கள் வீட்டில் கைராசி என்று சொன்னது அதைத்தான். அத்தனை மாதம் ஸ்க்ரூடிரைவரால் எடுத்தும் வண்டி நகராமல் இருந்தது பெரிய ராடு நடுவில் இருந்ததால். அன்று அதுவும் கியரில் இருந்தது.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

அவர் சங்கடப்பட்டார். "இது இன்னா சார், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. நீங்க பேட்டரி மாத்துனீங்க, கார்பன் மாத்துனீங்க. படிச்சவரு, இதைப் பாக்காமலா இருப்பீங்க, வேற ஏதோ பெரிய ரிப்பேருன்னு நெனச்சிக்கினேன். உங்களுக்குப் போய் நான் எப்படிச் சொல்றது?"

நானும் அவரை ஒருநாளும் கேட்டதில்லை. விற்றவருக்குப் போன் செய்து கேட்டேன், வாரம் இரண்டு முறை என் வண்டியிலேயே உட்காருகிறவரைக் கேட்கவில்லை. மகள் கேட்காமலே சொன்னாள், அதையும் காதில் வாங்கவில்லை.

பூஜையை மதியத்துக்குள் எப்படியோ முடித்தோம். நான்காவது பழத்தை மனைவி வண்டிக்கு வைக்க விடவில்லை. சாமி படத்தருகே வைத்துவிட்டாள். அது பல நாள் அங்கேயே இருந்து காய்ந்தது. மகள் மட்டும் இரவுச் சாப்பாட்டின்போது, "பஸ்ஸு ஏறுனா போன் பண்ணு, எறங்குனா போன் பண்ணுன்னு சொல்லுவியே. இனிமே நீ ஸ்க்ரூடிரைவர் எடுத்தா எனக்கு போன் பண்ணு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

இப்போது அவள் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஸ்கூட்டியில் போகிறாள். அந்த ஸ்க்ரூடிரைவர் கொட்டகையில் இல்லை. அவளுக்கு வரும் ஆபத்து பஸ்ஸிலும் லாரியிலும்தான் வரும் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒருநாள் காலையில் அது என் கையில் இருந்ததே தெரியவில்லை என்பதால், இன்றும் சாவியைத் திருப்புவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருகிறேன், அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்த பிறகும் இன்னொரு முறை.