அழுத்தி எடுத்த படம்

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. திரையில் படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விளக்கையும் பாதி அணைத்தே வைத்திருப்பார்கள். பத்தொன்பது வருடமாக அவள் அந்த அரையிருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

ஸ்கேன் எடுப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரியில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘பஞ்சுக்கை’ என்றால் கூட்டிப் பெருக்குகிறவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் கருவியை வைத்ததே தெரியாது, அவ்வளவு லேசான கை. ஜெல் பாட்டிலைக்கூட வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்திருப்பாள். சில்லென்று பட்டால் நோயாளி தோளைத் தூக்குவார். கழுத்து இறுகும். இறுகினால் படம் பொய் சொல்லும்.

புதிதாக வந்த இயந்திரத்துக்கோ அந்த லேசான கைதான் உயிர். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயில் கொழுப்பு படிந்திருந்தால், அது கெட்டியா, மெத்தென்று இருக்கிறதா என்று நிறத்தில் காட்டிவிடும். நீலம் என்றால் கெட்டி; வருடக்கணக்கில் சும்மா கிடக்கலாம். சிவப்பு என்றால் உள்ளே கொழகொழவென்று இருக்கிறது. என்றைக்கு வேண்டுமானாலும் உடைந்து, ஒரு துணுக்கு மூளைக்கு ஏறி, ஆளையே சாய்த்துவிடும். ஆனால் கருவியை அழுத்திப் பிடித்தால் சிவப்பும் நீலமாகிவிடும்.

இதை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே உளறியிருந்தாள். புதிதாகச் சேர்ந்த பெண் மாவு பிசைகிற மாதிரி அழுத்தி, வந்தவர்களையெல்லாம் ஒரே நாளில் ஆரோக்கியசாலி ஆக்கிவிட்டாள் என்று சொல்லிச் சிரித்தாள். அண்ணியும் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. “எவ்வளவு அழுத்தினா?” என்று மட்டும் கேட்டார்.

ஏன் கேட்டார் என்பது இன்றைக்குத்தான் புரிந்தது. அண்ணன் அவள் எதிரில், கட்டிலில் படுத்திருந்தார்.

“சொந்தக்காரங்களுக்கு நான் எடுக்கக் கூடாதுண்ணே. இங்க அப்படி ஒரு விதி இருக்கு.”

“தெரியும். அந்த இன்னொரு பொண்ணு லீவுன்னு விசாரிச்சுட்டுதான் வந்தேன். உன்னைத் தெரியும்னு யார்கிட்டயும் மூச்சு விடல.”

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அப்பா போனபோது அவருக்குப் பதினேழு, அவளுக்கு ஆறு. தன் படிப்பை மூட்டை கட்டிவிட்டு மூட்டை தூக்கப் போனார். அவள் இந்தப் படிப்பு படித்ததும், இந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் தோளில் ஏறித்தான்.

“கம்பெனி டாக்டர் கழுத்துல ஏதோ சத்தம் கேக்குதுன்னுட்டாரு. ஸ்கேன் சரியா இருந்தாத்தான் மேல ஏத்துவாங்களாம்.”

“மேல இருக்கும்போது ஏதாவது பண்ணுச்சாண்ணே?”

அவர் கூரையைப் பார்த்தார். “போன மாசம் ஒரு நாள். வலது கை பத்து நிமிஷம் என் பேச்சைக் கேக்கல. கன்டெய்னர் அந்தரத்துல தொங்குது. இடது கையால இறக்கிட்டேன். உங்க அண்ணிக்கே தெரியாது.”

அவள் அவர் கழுத்தில் ஜெல் தடவினாள். கருவியை வைத்தாள். திரையில், குழாயின் கிளை பிரிகிற இடத்தில், நகத்தளவுக்குச் சிவப்பு பூத்தது.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தைத்தான் பார்த்தார்.

“சிவப்பா?”

“நான் சொல்லக் கூடாதுண்ணே. டாக்டர்தான் சொல்லணும்.”

“அப்ப சிவப்புதான்.” அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “கொஞ்சம் அழுத்திப் பிடி, பாப்பா.”

“அண்ணே!”

“கீழ இறக்கிட்டா வாசல் கேட்டுல உக்கார வச்சு லாரி நம்பர் எழுதச் சொல்லுவானுங்க. முப்பது வருஷம் மேல இருந்து பாத்தவன் நான். இத்தனை நாள்ல உன்கிட்ட ஒண்ணாவது கேட்டிருக்கேனா?”

கேட்டதில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதுதானே அவள் கழுத்தில் விழுந்த சுருக்கு!

பஞ்சுக்கை அழுத்தியது. சிவப்பு சுருங்கியது, மஞ்சளானது, பிறகு நீலத்தில் முங்கிப்போனது. படத்தைப் பதிவு செய்தாள். அண்ணன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் தலையில் ஒரு முறை கை வைத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த அறையில் பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“உன் கை எடுத்த படம்னா நான் ரெண்டாந்தரம் பாக்கறதே இல்லம்மா.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த நம்பிக்கையைத் தாங்க முடியவில்லை. கன்டெய்னர் ஒன்று அந்தரத்தில் தொங்குவதும், கீழே நிற்கும் ஆட்கள் அண்ணாந்து பார்ப்பதும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன.

“சார், கையெழுத்துப் போடாதீங்க. நான் அழுத்திட்டேன்.”

“நீயா? பஞ்சுக்கை அழுத்துச்சுன்னா எப்பவும் நின்னு போற நம்ம லிஃப்ட்டும் இன்னைக்கு ஒழுங்கா ஓடும்!” சிரித்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். “யாரும்மா அது?”

“என் அண்ணன் சார்.”

டாக்டர் பேனாவை மூடினார். “போய்க் கூட்டிட்டு வா.”

அண்ணன் வாசலில் போனில் அண்ணியிடம் பேசிக்கொண்டிருந்தார். “எல்லாம் நீலம்டி! சாமிக்கு ஒரு சூடம் ஏத்திக் கும்பிட்டுக்கோ” என்று அவர் சிரிப்பது படியிலிருந்தே கேட்டது. தங்கையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. போனை அணைத்துவிட்டு அவள் பின்னால் நடந்தார்.

“சார், நீங்களே எடுங்க” என்று அவள் கெஞ்சினாள்.

“என் கை கனம்மா. இதுக்கு உன் கைதான் வேணும். நான் பக்கத்துல நிக்கறேன். நடந்ததைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

அண்ணன் படுத்தார். சொல்லாமலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆறு வயதில் அவள் பற்றிக்கொண்டு தூங்கிய கழுத்து அது. பூவின் மேல் ஈ உட்காருவதுபோல் அவள் கருவியை வைத்தாள். சிவப்பு மறுபடி பூத்தது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். இன்றைக்கே இங்கே தங்க வேண்டும், ஆபரேஷன் தேவைப்படலாம், கிரேனை மறந்துவிட வேண்டும். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டாக்டர் போனதும் எழுந்து தன் போனை எடுத்து அவள் மேஜையில் வைத்தார்.

“உங்க அண்ணிகிட்ட நீயே சொல்லு. நான் எல்லாம் நீலம்னு சொல்லிட்டேன்.”

“அண்ணே, என்னைப் பாருங்கண்ணே.”

அவர் பார்க்கவில்லை. நர்ஸ் வந்து சக்கர நாற்காலியைக் காட்டினாள். முப்பது வருடம் உயரத்தில் உட்கார்ந்திருந்தவர் அதில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த அறைக்குள் போனுக்கு சிக்னல் கிடைக்காது. வெளியே போய்த்தான் பேச வேண்டும். அவள் எழுந்தாள். அதற்குள் கதவு திறந்தது, ஈரச் செருப்போடு ஒரு கிழவர் உள்ளே வந்து, “எங்க படுக்கணும்மா?” என்று கேட்டார்.

கிண்ணத்து வெந்நீர் ஆறிப்போயிருந்தது. ஜெல் பாட்டிலை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தாள். அது சூடாவதாகத் தெரியவில்லை.