ஷாங்காய் மாதா மலையும் மெய் சொன்ன பொய்யும்

2007 ஒக்ரோபர், ஒரு வியாழக்கிழமை விடிய ஐந்து மணி. மொன்றியலில் எங்கள் வீட்டு வாசலில் டாக்சி நின்றது. பெட்டியை ஏற்ற வந்த அண்ணை அப்போதும் விடவில்லை.

"நேர்த்தி வைச்சது மன்னார் மடுமாதாவுக்கு. சீனாவிலை கொண்டுபோய்ச் செய்தா செல்லுமோ?"

"சண்டையிலை மடுவுக்குப் பாதை பூட்டிக் கிடக்குது அண்ணை. மாதா ஒராள்தானே."

"அப்ப இஞ்சத்தை மலைக்கோயில் படியிலை ஏறன்."

"அது சூசையப்பர்ரை வீடு. நான் கேட்டது தாயிட்டை."

கணவருக்கு இருதய ஒப்பரேசன் நடந்த அன்று, அவர் பிழைத்தால் வெறுங்காலோடு நடந்து வந்து மெழுகுதிரி கொளுத்துவேன் என்று நேர்ந்திருந்தேன். அவர் எழும்பி நடக்கத் தொடங்கி இரண்டு வருடம். இனியும் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை. விமான நிலையம் இருக்கும் டோர்வலில், நான் வேலை செய்யும் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் என் பக்கத்தில் நிற்பவள் மெய், ஷாங்காய்க்காரி. லீவில் அம்மாவைப் பார்க்கப் போகும்போது, தன் ஊரிலும் மலைமேல் மாதா கோயில் உண்டு என்று அவள்தான் என்னையும் கூப்பிட்டாள். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. தமிழில் அவள் பெயருக்கு உண்மை என்று பொருள் என்றபோது விழுந்து விழுந்து சிரித்தாள். நாங்கள் பேசுவது பாதிப் பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஊர் பார்த்தோம். ஹுவாங்பு ஆற்றைக் கடக்கும் படகுக்கு இரண்டு யுவான். மொன்றியலில் இல்-பிசார் தீவிலிருந்து கோடையில் ஓடும் படகில் கார் ஏறும். இதில் சைக்கிள்கள் நெருக்கியடித்து ஏறின. அக்கரையில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் கோபுரங்கள். மத்தியானம் ஆவியில் அவித்த கொழுக்கட்டை வந்தது. எங்கள் கொழுக்கட்டை போல என்று ஒரே கடியாய்க் கடித்தேன். உள்ளே இருந்த கொதிசூப் சட்டையெல்லாம் கொட்டியது.

"ஏழு வருசமாச் சாப்பாடு கட்டுறாய், சாப்பிடத் தெரியாது" என்றாள் மெய்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு பஸ். ரிக்கற் பன்னிரண்டு யுவான், மேற்கே முப்பத்தைந்து கிலோமீற்றர். மழை தூறியது. மலையடியில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த ஒரு வாங்கின் கீழ் சப்பாத்தைக் கழற்றிவைத்தேன்.

"குளிருக்கை காய்ச்சல் வந்தா என்ரை அம்மா என்னைத்தான் ஏசுவா."

"நீ சப்பாத்தோடை வா. நான் இப்பிடித்தான்."

சிலுவைப்பாதை நிலை ஒவ்வொன்றிலும் நின்று செபித்து ஏறினேன். பாதிவழியில் கால் விறைத்து, கல் குத்துவதும் தெரியவில்லை. உச்சியில் கோயில் வாசலில் நின்ற அம்மா ஒருவர் என் காலைப் பார்த்துக் கை நீட்டி மறித்தார். உள்ளே ஈரம், வழுக்கும், சப்பாத்து இல்லாமல் போகக்கூடாது என்கிறார் என்றாள் மெய். எங்கள் ஊரில் செருப்போடு போனால்தான் மறிப்பார்கள்.

"பூசை முடியட்டும், பொழுது படட்டும். இதிலையே நிப்பன். போனா வெறுங்காலோடைதான் போவன் எண்டு சொல்லு."

மெய் என்னைப் பார்த்தாள். அந்த அம்மாவிடம் இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் முகம் இளகி, என் கையைப் பிடித்துக்கொண்டு போய் மெழுகுதிரித் தட்டின் முன்னே விட்டார். கொளுத்தினேன். அழுதேன்.

வெளியே வந்து கேட்டேன்: "என்ன சொன்னனி?"

"இவளிட்டைச் சப்பாத்தே இல்லை, வாங்க வசதியில்லை எண்டு."

"மாதான்ரை வாசலிலை பொய்யோ? உன்ரை பேர் மெய்! போய் உண்மையைச் சொல்லப்போறன்."

"சொல்லு. அவவுக்குத் தமிழ் விளங்குமோ?"

பொய்யில் கொளுத்திய திரி செல்லுமா என்ற பயத்தில், பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கும் மனஸ்தாப மந்திரம் சொல்லிக்கொண்டே இறங்கினேன். வாங்கின் கீழே சப்பாத்து இல்லை. யாரோ எறிந்துவிட்டுப் போனது என்று நினைத்து, கூட்டுகிற பெண் குப்பை வண்டியில் போட்டுவிட்டாளாம். வண்டியும் போய்விட்டது. மெய் அவளை ஏசத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விடு மெய். இப்ப என்னட்டைச் சப்பாத்து இல்லைத்தானே?"

மெய் சொன்ன பொய்யை மாதாவே மெய்யாக்கிவிட்டா. இதைவிட எனக்கு வேறு உறுதி வேண்டியதில்லை.

பதினைந்து யுவானுக்கு மெய் வாங்கித் தந்த கறுப்புத் துணிச் சப்பாத்தோடுதான் மொன்றியலில் வந்து இறங்கினேன். வெளியே முதல் பனி. அண்ணை என் காலைப் பார்த்தார்.

"போகேக்கை போட்ட சப்பாத்து எங்கை?"

"மாதா எடுத்திட்டா."

"எதுக்கும் பாதை திறந்தாப் பிறகு மடுவிலையும் ஒருக்காச் செய்துவிடு."

"மடுவுக்குப் போவன் அண்ணை, அவவைப் பாக்க" என்றேன். "நேர்த்தி முடிஞ்சுது."