புல் வெட்டும் மிஷினும் மூணு ஃபில்டரும்

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். எழுத்து கோணலா வரும், ஞாபகமும் கம்மி. தோட்ட வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு ஆகும்னு சிலர் சொன்னதால எழுதறேன். தப்பா நினைச்சுக்காதீங்க.

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரங்க தங்கும் ஒரு விடுதியில் தோட்ட வேலை பார்த்தேன். புல் வெட்டும் மிஷின் ஓட்டினது கண்ணப்பன். முன்னே கல்லு உடைச்சவன். தூசியில் நெஞ்சு கெட்டுப்போய் இந்த வேலைக்கு வந்தான்.

ஒரு மழைக்காலத்தில் மிஷின் பாதியில் பாதியில் நின்னது. டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ரப்பர் டியூபில் சின்னதா ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் கசடு தெரிஞ்சது. கண்ணப்பன் புதுசு வாங்கி மாட்டினான். கொஞ்ச நேரம் ஓடி நின்னுடுச்சு.

கடைக்காரர் அப்புறம்தான் விளக்கினார். அது பம்ப் வச்ச இன்ஜினுக்கானதாம், வலை நெருக்கமா இருக்குமாம். எங்க மிஷினில் டேங்க் மேலே இருக்கு, பெட்ரோல் தன்னால இறங்கணும். அதுக்குக் கண் பெருசான வலைதான் சரி. பழசைக் கையோட கொண்டு போய் டியூப் சைஸ் பார்த்து வாங்கணும். அம்புக்குறி போட்டிருந்தா அது கார்புரேட்டர் பக்கம் இருக்கணும்.

அப்படியே பார்த்து ரெண்டாவது மாட்டினான். அதுவும் நின்னது. மூணாவதும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் மாத்தின உடனே கொஞ்சம் ஓடும். அதனால எல்லாரும் ஃபில்டரையே சந்தேகப்பட்டோம்.

விருந்தாளிங்க முன்னாடி மிஷின் நின்னப்ப மேனேஜர் வந்தார்.

"என்னடா, சாமிக்கு மாலை மாத்தற மாதிரி மாத்திக்கிட்டே இருக்க? நீ கல்லு உடைக்கவே போயிடு."

கண்ணப்பனை வேலையை விட்டு அன்னைக்கே அனுப்பிட்டாங்க.

அப்புறம் வெளியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நின்ன மிஷினின் டேங்க் மூடியைத் திருகினார். புஸ்ஸுன்னு காத்து உள்ளே போச்சு. மூடியில் ஊசி முனை அளவு ஓட்டை ஒண்ணு இருக்கு. அது வழியா காத்து போனாத்தான் பெட்ரோல் இறங்குமாம். அதில் சந்தனம் காய்ஞ்சு அடைச்சிருந்தது. வெள்ளிக்கிழமை ஆனா மூடிக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறது கண்ணப்பன் வழக்கம். ஃபில்டர் மாத்தறப்ப மூடியைத் திறந்து பெட்ரோல் ஊத்துவான். கொஞ்ச நேரம் ஓடினது அப்ப உள்ளே போன காத்தாலதான்.

எனக்குப் பெரியவங்க முன்னாடி வாய் வராது. அன்னைக்கு மட்டும் மேனேஜர்கிட்ட போய் நின்னேன். ஃபில்டர் சரியாத்தான் இருந்ததுங்க, அவனைத் திரும்பக் கூப்பிடுங்கன்னு கேட்டேன்.

"சந்தனம் வச்சதும் அவன்தானேம்மா," என்று சொல்லிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார்.

வேங்கிக்காலில் புது வீடு கட்டற இடத்தில் கண்ணப்பன் ஜல்லி சுமந்துக்கிட்டு இருந்தான். விஷயத்தைச் சொன்னேன். இருமி முடிச்சுட்டுக் கேட்டான்.

"கடைசியா மாட்டினது சரியான ஃபில்டர்தானேக்கா?"

"சரியானதுதான்பா."

"அப்ப மூடிய ஊதி விட்டிருந்தா போதும்."

சட்டியைத் தலையில் வச்சுக்கிட்டுப் போயிட்டான்.

மிஷின் நின்னா ஃபில்டர் வாங்க ஓடாதீங்க. இன்ஜின் ஆறினதும் முதல்ல மூடியைத் தளர்த்திப் பாருங்க. பொட்டு வைக்கணும்னா கைப்பிடியில் வைங்க. வலை, அம்புக்குறி பத்தி நான் எழுதினதில் தப்பு இருக்கலாம். விவரம் தெரிஞ்ச மெக்கானிக் யாராவது ஒரு தடவை படிச்சுத் திருத்திக் கொடுங்க. இதை நம்பி இன்னொருத்தருக்கு வேலை போயிடக் கூடாது.