பொட்டு வைக்கும் நேரத்தில் போன கரண்ட்

கொட்டிவாக்கத்தில் நாங்கள் புதிதாக வாங்கிய ஃபைபர் படகைக் கடலில் இறக்குவதற்கு முந்தைய நாள் மாலை. என் தம்பி சேகர் கல்யாண வீட்டு சீரியல் பல்புகளைப் படகைச் சுற்றிக் கட்டி, வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுத்திருந்தான். தெருவே வந்து பார்த்தது.

ஈர மணலில் வெறுங்காலோடு நின்று படகுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அதே ஈரக் கையோடு இன்ஜினுக்குப் பொட்டு வைக்கப் போனபோது கரண்ட் போய்விட்டது.

"இன்னாடா இது, நல்ல நேரத்துல பூட்ச்சே!" என்று சேகர் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கும் அபசகுனமாகவே பட்டது.

டார்ச்சோடு குனிந்து பார்த்த என் கணவர் அலறினார்.

"கைய எடு! இன்ஜினத் தொடாத!"

இன்ஜினின் இரும்புப் பிடிக்கு அடியில் ஒயர் நசுங்கி, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. சேகர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினான். திரும்பி வந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அழாதடா, அக்கா நல்லாத்தான் கீறேன்" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

மறுநாள் பூமாலை மட்டும் போட்டுப் படகை இறக்கினோம். இப்போது திருவிழா என்றாலும் பேட்டரியில் எரியும் சின்ன பல்புகள்தான். வீட்டு ஒயரை மணலுக்கு இழுக்க யார் வந்தாலும் நான் விடுவதில்லை.