வதனி வீட்டுச் சுவரும் ரீச்சர் தைத்த திரையும்

செல்வராணி ரீச்சர் காலமான செய்தியைப் பால்காரர் படலையில் நின்று சொன்னார். அன்று மாலை செத்தவீட்டில் இன்னொரு கதையும் காதில் விழுந்தது. வதனி வீட்டுச் சுவரில் தாம் வரைந்த சித்திரத்தை அழிக்க ரீச்சரே சம்மதித்தாராம். அதனால்தான் அழிக்கும்வரை அதை மறைக்கத் திரை தைத்துக் கொடுத்தாராம். திரை தைத்தது உண்மை. சம்மதித்தது பொய். வதனியும் ரீச்சரும் அதைப் பேசிய நாளில் அங்கே நின்றவள் நான்.

புங்குடுதீவில் ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் சித்திரமும் நான் ஆங்கிலமும் படிப்பித்தோம். தெற்கே கடை வைத்திருந்த வதனியின் தகப்பனார், தமது புது வீட்டு மண்டபச் சுவரில் ஒரு மயில் வரையும்படி ரீச்சரைக் கேட்டார். வரைந்து முடிந்தபோது, சுவரில் வள்ளத்தின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டபடி அந்தத் தகப்பனாரின் மகன் நந்தன் இருந்தான்.

“மயில் எங்கை, ரீச்சர்?”

“உங்கட மகனை விட வடிவான மயில் எனக்குக் கிடைக்கேல்லை.”

சில வருடங்களில் நந்தன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இடப்பெயர்வில் வீட்டுப் புகைப்படங்கள் எல்லாம் போயின. அவன் முகம் இன்று அந்தச் சுவரில் மட்டுமே இருக்கிறது.

வீடு சீதனமாக வதனிக்கு வந்தது. கனடாவில் குடியேறியிருந்த வதனி முதன்முறை ஊருக்கு வந்தபோது, தம்பியைச் சுவரில் கண்டதும் வெளியே போய்விட்டார். “இதைப் பாத்துக்கொண்டு எனக்கு இஞ்சை ஒரு வாய் தண்ணி குடிக்க ஏலாது, ரீச்சர். என்ர வீடுதானே, வெள்ளை அடிச்சு விடுறன்” என்றார்.

ரீச்சர் கோபப்படவில்லை. “ஓம் பிள்ளை, சுவர் உம்மடதுதான். பாக்க ஏலாட்டி மூடி வையும். மூடினதைத் திறக்கலாம். அழிச்சால் நான் திரும்பக் கீற மாட்டன். எனக்கு இப்ப அவன்ர முகம் நினைவில்லை.”

அடுத்த நாளே திரையோடு வந்தார்.

பூட்டிக் கிடந்த அந்த வீட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை இருவருமாகத் திரையைக் கழற்றித் துவைப்போம். அது காயும்வரை சித்திரத்தின் முன் இரண்டு கதிரை போட்டு இருப்போம். “இடது காது பெரிசாப் போச்சு, அக்கா” என்று ரீச்சர் ஒவ்வொரு முறையும் குறை சொல்வார். அவன் காது அப்படித்தான் என்பேன். வகுப்பில் அதைத் திருகியவள் நான்.

வதனி, ரீச்சருக்காக வெளிவரும் இந்த நினைவு மலர் உமக்கும் வந்து சேரும். சுவருக்கு வெள்ளை அடிக்க அடுத்த மாதம் மேசன் வருவதாக அறிகிறேன். வீட்டு உறுதிப்பத்திரம் உம்முடைய பெயரில் இருக்கிறது. யாரும் தடுக்க முடியாது. உடையவர் ஒன்றைப் பூட்டி வைக்கலாம், யாருக்கும் காட்டாமல் விடலாம். இனி ஒருவரும் காண முடியாதபடி செய்வது அந்த உரிமையில் அடங்காது என்பது என் எண்ணம். உம்முடைய பிள்ளைகள் இன்னும் தங்கள் மாமனைக் காணவில்லை. அழிப்பதென்றால் உம்முடைய பெயரில் அழியும். ரீச்சரின் பெயரில் வேண்டாம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தத் திரையைத் துவைக்கும் வேலை. இந்த முறை தனியாகக் கழற்றினேன். காய்ந்த பிறகும் வெகுநேரம் மாட்டவில்லை.

வாயால் சொன்னதை ஊர் எப்படித் திரித்தது என்று கண்டோம். ஆகவே மேசன் வருமுன் உம்முடைய முடிவை எனக்கு எழுத்தில் அனுப்பும்.