பெயர் வெட்டிய குடங்கள்

மும்பையில் அலுவலகப் பயிற்சி முடிந்த மறுநாள், பழைய சாமான்கள் விற்கும் சோர் பஜாருக்குப் போனேன். காரைக்காலை ஒட்டிய எங்கள் சுரக்குடியில் சின்ன வயதில் டிவியில் பார்த்த படங்களில் கதாநாயகன் அந்தத் தெருவில்தான் திருடனைத் துரத்துவான். கிராமபோன்களும் கடிகாரங்களும் சரிந்து விழும். நேரில் யாரும் ஓடவில்லை. கடைக்காரர்கள் டீ குடித்தபடி பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கடையின் பின்சுவர் ஓரம் தண்ணீர்க் குடங்கள் குவிந்து கிடந்தன. ஒன்றின் கழுத்தில், புள்ளி புள்ளியாக, தமிழில் ஒரு பெண்ணின் பெயர். கல்யாணச் சீருக்கு எங்கள் பக்கம் வெட்டுகிற அதே மாதிரி. வாய்விட்டுப் படித்துவிட்டேன் போலிருக்கிறது.

"தமிழா மேடம்? எந்த ஊரு?" என்றார் கடைக்காரர். தாராவியில் பிறந்து வளர்ந்தவராம்.

"காரைக்கால்."

"காரைக்குடிதானே? அங்கேருந்து சாமான் நிறைய வரும்."

"காரைக்கால்ங்க. கடல் இருக்குற ஊரு."

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. நாகப்பட்டினம் பக்கத்துலேருந்தும் லாரியில வருது."

அதைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு குடமாகத் திருப்பத் தொடங்கினேன்.

அம்மாவின் குடமும் அப்படித்தான் போயிருக்கும். நான் புதுச்சேரியில் கல்லூரி சேர்ந்தபோது அதைக் காரைக்காலில் ஒரு பாத்திரக் கடையில் போட்டுவிட்டு, எனக்குச் சக்கரம் வைத்த பெட்டி வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் குடம்தான் தூக்கச் சுலபம் என்றாள். நானும் நம்பினேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அம்மா தன் பெயரை அந்தக் குடத்தைப் பார்த்துத்தான் பழகினாள். அதனால் என் ரேங்க் கார்டில் கையெழுத்தையும் புள்ளிகளாகவே வைப்பாள், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக. "என்னடி, உங்கம்மா கோலம் போட்டு அனுப்பியிருக்காங்க?" என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்தது. அன்று வீட்டுக்கு வந்ததும், "இனிமே நானே போட்டுக்குறேம்மா" என்றேன். அதன்பின் அவள் கையெழுத்தை நான்தான் போட்டேன், அழகாக, சேர்த்து.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் கையால் எழுதிய பெயர் வீட்டில் ஒரு தாளிலும் இல்லை. அந்தக் குடமாவது கிடைத்தால் போதும்.

பதினேழு குடங்கள். எல்லாம் வேறு பெண்கள்.

"இவ்ளோதானா?"

"வாசல்ல பளபளன்னு இருக்கே, அதுவும் அங்கேருந்து வந்ததுதான். பேரை ராவிட்டு பாலிஷ் போட்டுடுவோம். பேரோட இருந்தா எவன் வாங்குறான்? அடுத்தவன் வீட்டுச் சாமான்னு தோணும்ல."

வாசலுக்குப் போனேன். ஒன்றில் சின்ன நெளிசல். இன்னொன்றுக்கு வாய் சற்று அகலம். தெருக்குழாயில் வரிசையாக நிற்கும் குடங்களில் தன்னுடையதை அம்மா பேச்சை நிறுத்தாமலே எடுப்பாள். பெயரைப் பார்க்கவே மாட்டாள். அத்தனை வருடம் அதில் தண்ணீர் குடித்த எனக்கு, அதில் எழுதியிருந்ததைத் தவிர வேறொன்றும் நினைவில்லை.

"எது வேணும் மேடம்? எடுத்துப் பாருங்க."

ஒவ்வொன்றாகத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தேன். எல்லாமே பொருந்தின.