தண்ணீர் வண்டியை இளைக்க வைத்த கதை

1. சாய்தளத்தில் நின்ற வண்டி

வண்டி பாதிச் சாய்தளத்தில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் விட முடியவில்லை. முன்னால் கன்னியம்மா கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் பிலோமினா தள்ளிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் ஒரு செங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். நிமிர்ந்தபோதுதான் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை அடிவயிற்றில் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருந்த ஒரு கம்பெனி அது. கார் பம்பர்களுக்குப் பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் அங்கே ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் நான் சூப்பர்வைசர். கண்ணாடி வேலைக்கென்று என்னிடம் நான்கு பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் வாலாஜாபாத் பக்கத்து ஊர்க்காரர்கள்.

ஆபீஸ் கட்டடத்தின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. முன்பெல்லாம் ஏணி போட்டுத் துடைப்போம். சேஃப்டியில் ஏணிக்குத் தடை வந்தது. அதற்குப் பதில் போல் என்கிற நீளமான கம்பு, நுனியில் பிரஷ், பிரஷ்ஷுக்குள்ளேயே தண்ணீர் வரும் டியூப். தரையில் நின்றபடி மாடிக் கண்ணாடி வரை கழுவிவிடலாம். துடைக்க வேண்டாம், தானே காயும். ஆனால் எங்கள் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி. உப்பு எடுத்த தண்ணீருக்கு டிஐ வாட்டர் என்று பெயர். அது பெயின்ட் ஷாப்பில் மட்டும்தான் கிடைக்கும். பெயின்ட் ஷாப் ஒரு கோடி, ஆபீஸ் மறு கோடி.

பைப் போட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ரோட்டைத் தோண்ட அனுமதி கிடைக்காது என்றார்கள், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆகவே நூறு லிட்டர் டேங்க், பம்ப், பேட்டரி எல்லாவற்றையும் ஆங்கிள் இரும்பில் பூட்டி ஒரு வண்டி செய்து கொடுத்தார்கள். முன்வாசல் வழி விசிட்டர்களுக்கு. கான்ட்ராக்ட் ஆட்கள் பின்பக்கச் சாய்தளம் வழியாகத்தான் போக வேண்டும். அந்தச் சாய்தளத்தைக் கட்டியவன் ஒரு நாளும் வண்டி இழுத்திருக்கமாட்டான்.

மேலே ஜன்னலில் நின்று அட்மின் மேனேஜர் வரதன் சார் இதை எல்லாம் பார்த்துவிட்டார். இறங்கி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எதையும் சட்டென்று முடித்துவிட நினைப்பவர்.

"மேரிம்மா, லேடீஸால முடியலைன்னா சொல்லிடுங்க. நாலு பசங்களப் போட்டுக்கலாம். எனக்கு வேலை நடக்கணும், அவ்ளோதான். திங்கக்கிழமை நானே வந்து நின்னு பாக்கறேன்."

2. காமாலை இல்லை

கன்னியம்மா அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் லீவு முடிந்து வந்திருந்தாள். மஞ்சக்காமாலை என்று சொல்லியிருந்தாள். அன்றைக்குத் துணி மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"இன்னாடி, வயித்தப் புடிச்சிக்கினே இருந்த?"

"ஒண்ணுமில்லக்கா."

"காமாலைக்கு அடிவயிறா வலிக்கும்?"

தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கக்கா. காஞ்சிபுரத்துல. வெளிய சொல்லாத. கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. கொஞ்ச மாசத்துக்குத்தான்."

"அப்புறம் எதுக்குடி வந்த?"

"லீவு நீட்டுனா வேற ஆளப் போட்ருவாங்க. வூட்ல நான் ஒருத்திதான் சம்பாரிக்கிறேன், உனக்குத் தெரியாதா?"

தெரியும். புருஷன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து வீட்டில் கிடந்தான். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மேலே சொன்னால் இவள் வேலை அன்றைக்கே போய்விடும். சொல்லாமல் விட்டால் அந்த இரும்பு வண்டியை இழுத்து உள்தையல் பிய்ந்துவிட்டால்? மற்ற மூன்று பேரை இழுக்கச் சொல்லலாம். ஆனால் திங்கட்கிழமை வரதன் சார் யாரைக் கூப்பிடுவார் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் கான்ட்ராக்டர் தூத்துக்குடிக்காரர், தங்கராஜ் அண்ணாச்சி. போனில் வண்டியை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"ஏம்மா, வண்டிய மாத்தணுமா, ஆள மாத்தணுமா? ஆள மாத்துனா எனக்கு ஒரு செலவும் இல்ல பாத்துக்கோ."

"அண்ணாச்சி, பசங்க மூணு மாசம் இருப்பானுங்க, அப்புறம் கார் கம்பெனில லைனுக்குப் போயிருவானுங்க. நீங்க மறுபடி ஆள் தேடிக்கிட்டு என்கிட்டதான் வருவீங்க."

"சரி, பட்டறையில வச்சு என்னமும் செய்யி. புது வண்டின்னு மட்டும் கேக்காத" என்றார்.

3. காதர் பாய் பட்டறை

இருங்காட்டுக்கோட்டை ரோட்டில் காதர் பாய்க்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? இதுக்கு ரெண்டு மாடு கட்டணும்."

"பாய், வெளையாட்டு வேணாம். சனிக்கிழமைக்குள்ள ஒரு பொம்பள ஒத்தையா இழுக்குற மாதிரி ஆவணும்."

அதற்கு முன்பே நாங்கள் ஒரு வழி பார்த்திருந்தோம். டேங்கில் பாதித் தண்ணீர் மட்டும் பிடிப்பது. பாரம் பாதியாகிவிடும் என்றுதானே தோன்றும்? சாய்தளத்தில் ஏறும்போது உள்ளே தண்ணீர் தளும்பிப் பின்பக்கம் மோதியது. கைப்பிடி வெடுக்கென்று இழுத்தது. முழு டேங்கைவிட மோசம். இதைக் கேட்டதும் பாய் டேங்கையே மாற்றச் சொன்னார். சின்ன கேன், விளிம்பு வரை தண்ணீர். நடை அதிகம், ஆனால் தளும்பாது.

ஆங்கிள் இரும்பைக் கழற்றிவிட்டுக் குழாய் வைத்தோம். லாரி பேட்டரிக்குப் பதில் பைக் பேட்டரி இரண்டு, ஒன்று ஓடும்போது ஒன்று சார்ஜில். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் சக்கரம்தான். பழைய வண்டியில் இருந்தது உள்ளங்கை அகல ரப்பர் உருளை. சிமென்ட் இடுக்கு ஒவ்வொன்றிலும் விழுந்து எழுந்தது. பாய் ஒரு பழைய மொபெட்டின் சக்கரங்களைப் பூட்டி, கேன் நேராக அச்சுக்கு மேல் உட்காரும்படி வைத்தார். பாரம் சக்கரத்தில் இறங்கியது, கையில் இல்லை. நானே இழுத்துப் பார்த்தேன். காய்கறிப் பையைத் தூக்குவதைவிடச் சுலபம்.

மனம் குளிர்ந்துபோய் நான் ஒரு காரியம் செய்தேன். டியூப் சுற்றும் ரீல் அடியில் இருந்தது. கன்னியம்மா குனிந்து நிமிரக் கூடாதே என்று, அதைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் உச்சியில் வைக்கச் சொன்னேன். பாய் தாடியைச் சொறிந்தார். "மேல வெயிட்டு ஏறுமே" என்றார். "பரவாயில்ல வெச்சுக் குடுங்க" என்றேன்.

4. திங்கட்கிழமை

காலையில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். பெண்களிடம், பிலோமினாதான் இழுக்க வேண்டும், கன்னியம்மா டியூபை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

வரதன் சார் வந்தார். நான்கு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். நான் பயந்த மாதிரியே ஆனது.

"இந்தம்மா இழுக்கட்டும்" என்று கன்னியம்மாவைக் காட்டினார். "இருக்கறதுல ஒல்லியா இவங்கதான் இருக்காங்க. இவங்களால முடிஞ்சா எல்லாராலயும் முடியும்."

ஏதாவது சொல்லித் தடுக்கலாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். சாய்தளத்தின் அடியில் ஒரு நொடி நின்றாள். பிறகு நடந்தாள். வண்டி அவள் பின்னாலேயே போனது. பாதியில் நிற்கவில்லை. மேலே போய்த் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வேலை நடந்தது. பிலோமினா போலைப் பிடித்துக் கண்ணாடியைக் கழுவிக்கொண்டே மூலை வரை போனாள். கேன் ஏறக்குறைய காலி, அடியில் பாரம் இல்லை. ரீலில் டியூப் தீர்ந்து விறைத்தது. அவள் இன்னும் ஓர் அடி வைத்தாள். உச்சியில் இருந்த ரீல் வண்டியைச் சாய்த்து, படாரென்று தரையில் கிடத்தியது. கண்ணாடிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் மிச்சம்.

கன்னியம்மா ஓடிப்போய்த் தூக்கக் குனிந்தாள்.

"தொடாதடி!" என்று கத்திவிட்டேன். ஆபீசுக்குள் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

வரதன் சார் என் பக்கம் திரும்பினார். "ஏன்? ஏன் தொடக் கூடாது?"

கன்னியம்மா என்னையே பார்த்தாள். அந்தக் கண்ணை எப்படிச் சொல்வது? காட்டிக்கொடுத்துவிடாதே என்று கும்பிட்டது.

"பேட்டரி சார்" என்றேன். "ஆசிட் சிந்தியிருக்கும். கையில பட்ரும்."

அவர் கர்ச்சீப்பை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, குனிந்து, வண்டியை ஒரே கையால் நிமிர்த்தினார். மறுபடி சாய்த்துப் பார்த்தார், மறுபடி நிமிர்த்தினார்.

"இவ்ளோதானா வெயிட்டு? அன்னிக்கு மலையாட்டம் நின்னுதே! ரீலைக் கீழ போடுங்க மேரிம்மா, விழாது. பசங்கல்லாம் வேணாம், லேடீஸே பாக்கட்டும்."

அவர் உள்ளே போன பிறகு நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

5. அப்புறம்

ரீல் அன்றைக்கே கீழே இறங்கியது. குனிந்து டியூப் சுற்றும் வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கன்னியம்மா தேறினாள், முகத்தில் ரத்தம் ஊறியது. நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக மனதுக்குள் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் திரிந்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பிலோமினா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்.

"கன்னிக்கு நல்லது பண்ணக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்கு எல்லாம் தெரியும். நானும் கர்ப்பப்பைய எடுத்துக்கினவதான். நம்ம சைட்டுக்கு வந்த புதுசுல. தையலு ஆறவே இல்ல, ரெண்டு கைலயும் பக்கெட்டு தூக்கிக்கினு மாடி ஏறினேன். செல்விக்கும் ஆயிடுச்சி."

நால்வரில் ஒருத்தியான செல்வி பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை, ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஏண்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா வேலைல வெச்சிக்கினு இருப்பியாக்கா?" என்றாள் பிலோமினா. குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ சைட்டுக்கு வண்டி வாங்கினேன். இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்று உண்டு. கேட்டலாக்கில் போட்டிருக்கும் வெயிட்டை நம்பாதீர்கள். தண்ணீர் நிரப்பி, உங்கள் பெண்களையே ஒவ்வொருத்தியாகச் சாய்தளத்தில் இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் முகத்தை மட்டும் பாருங்கள். ஒருத்தி பல்லைக் கடித்தாலும் அந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஏன் கடித்தாய் என்று கேட்காதீர்கள். அவளால் சொல்ல முடியாது.